ஸ்ட்ராபெரி வாசமுள்ள சளி

என் மகளுக்கு எட்டு வயது. இப்போதெல்லாம் அவள் கொட்டாவி விட்டால்கூட வாய்க்குள் எட்டிப் பார்க்கிறேன். "நான் என்ன கெணறாம்மா?" என்கிறாள். சிரிக்கத்தான் வேண்டும், முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் அவளுக்கு ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வாங்கினோம். கடலடியில் வாழும் அசடுகளின் கதை. கணவாய் மீன் ஒன்று தன் சளியைத் தானே குழல் போட்டு உறிஞ்சுகிறது. நண்டு வாந்தி எடுக்க, அதில் ஒரு மீன் சறுக்கி விளையாடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் இதுதான் நகைச்சுவை. கூடவே விளையாட இலவசமாக ஒரு பொட்டலம்: பச்சையாக, கொழகொழவென்று, 'கணவாய்ச் சளி'. பிரித்ததும் வீடு முழுக்க ஸ்ட்ராபெரி வாசம்.

நான் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். அவளும் அதைக் குழல் போட்டு உறிஞ்சியிருக்கிறாள். திரும்பியபோது முகம் கறுத்து, சத்தம் வராமல் கைகளை உதறிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, பாப்பாவப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே அவளைக் குனியவைத்து முதுகில் அறைந்தேன், அறைந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அது வந்தது. மத்தியானம் தின்ற சோற்றோடு, நூலாக இழுபட்டுத் தரையில் விழுந்தது. அப்போதும் மணத்தது. அந்த மணம் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள். திரும்பும் வழியில் மகள் பெருமையாக, "கதையில வர்ற மாதிரியே வாந்தி எடுத்தேன்ல?" என்றாள். கார் ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிச்சீங்கன்னா எறங்கிருவேன்" என்றேன். கொண்டை ஊசி வளைவில் எங்கே இறங்குவது!

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகத்தை இரண்டு விரலால் முனையில் பிடித்துத் தூக்கினேன். என் அம்மாவும் இப்படித்தான் தூக்குவார்.

சேரம்பாடிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். எங்கள் வரிசை வீடுகளுக்கு மீன் கொண்டுவந்த கேரளத்து வியாபாரியை 'இக்கா' என்போம். பழைய சிறுவர் பத்திரிகைத் தாளில்தான் அவர் மத்தி கட்டித் தருவார். அதில் ஒரு கடல் சித்திரத் தொடர்கதை வரும்: தன் வாலைத் தானே தேடும் திருக்கை, குடை பிடித்து நடக்கும் ஆமை. எனக்கு ஒரு பக்கம் கிடைத்தால், பக்கத்து வீட்டுச் செல்விக்கு இன்னொரு பக்கம். அயிலை பெரிய மீன், அதற்குச் செய்தித்தாள்தான். அதனால் "மத்தியே வாங்கும்மா" என்று அழுவேன். இக்காவுக்கு விஷயம் தெரியும். "மோளே, நினக்கு மீனு வேணோ, கதை வேணோ?"

தாளை அடுப்புக்கு மேலே கொடியில் காயவைத்துப் படிப்போம். செதில் ஒட்டியிருக்கும். கடைசிக் கட்டம் மீன் ரத்தத்தில் ஊறிப் பெரும்பாலும் அழிந்திருக்கும். திருக்கைக்கு வால் கிடைத்ததா இல்லையா என்று நானும் செல்வியும் அடித்துக்கொள்வோம். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படிப்போம். கடலைப் பார்த்திராத நான், அந்த அசடுகளின் ஊரே அப்படித்தான் நாறும் என்று நம்பியிருந்தேன். பல வருடம் கழித்துக் கோழிக்கோட்டுக் கடற்கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மா அந்தத் தாளை நுனியில் பிடித்து வெளியே எறிவார். "சீ, பொம்பளப் புள்ளயா நீ? சவக்காரம் போட்டுக் கையக் கழுவிட்டுச் சோத்துல கைய வையி!" அவர் சொல்லாவிட்டாலும் கழுவியிருப்பேன். அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோக எங்களில் யாருக்கும் மனம் வந்ததில்லை.

நேற்று வீட்டுக்கு மத்தி வந்தது. பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் பிளாஸ்டிக் உறை. தாளும் இல்லை, இக்காவும் இல்லை. மகள் மோந்து பார்த்துவிட்டு, "மீன் வாசமே இல்லையேம்மா" என்றாள். கழிவைப் போடக் குப்பைத் தொட்டியைத் திறந்தேன். புத்தகத்தையும் பொட்டலத்தையும் எறிந்து சில நாளாகிவிட்டது. உள்ளே இன்னும் ஸ்ட்ராபெரி மணத்தது.