துண்டில் ஏறிய இடுக்கிப் பூச்சி

மாடம்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் எனக்குப் பதினான்கு தொட்டிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்கா ஒரு துண்டை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது? வால்ல இடுக்கி வெச்சிகினு!"

"இடுக்கிப் பூச்சி அக்கா. ஒண்ணும் பண்ணாது."

"காதுல பூந்துக்கும்னு சொல்றாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் தொட்டி எல்லாம் கீழ எறங்கிடணும்."

கீழே அக்காவின் அவரைப் பந்தல் இருக்கும் இடத்தை விட்டால் வேறெங்கும் வெயில் விழாது. இறக்கினால் செடிகள் அவ்வளவுதான்.

சிறுசேரியில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. பிழை வந்தால் அது எங்கே, எப்போது வருகிறது என்று முதலில் எழுதிக்கொள்வேன். இதற்கும் எழுதினேன். பகலில் வெளியே வருவதில்லை. ஈரமும் இருட்டும் பிடிக்கும். அதிகம் இருப்பது, ஈரம் காயாமல் இருக்க நானே தென்னை நார் பரப்பிய நான்கு தொட்டிகளில். துணி காயும் கொடிக்கு நேர் கீழே இருப்பவையும் அவையே. பிழை என்னுடையது.

நாரை அள்ளினேன். தொட்டிகளை மறுமூலைக்கு நகர்த்தினேன். மாலையில் செய்தித்தாளை நனைத்துச் சுருட்டித் தொட்டிக்கு ஒன்று வைத்தேன். விடிந்ததும் பூச்சிகள் அதற்குள் ஒடுங்கியிருந்தன. சோப்புத் தண்ணீரில் உதறிக் கொல்லச் சொல்கிறார்கள். வாளியில் கலந்து வைத்தும் மனசு வரவில்லை. அலுவலகப் பேருந்துக்குப் போகும் வழியில், அக்காவின் அவரைப் பந்தலடியில் உதறிவிட்டேன். மறுநாளும் அப்படியே. பட்டியலில் இந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை.

ஞாயிறு வந்தது. அக்கா கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறினார், திருப்பிப் பார்த்தார், மறுபடி உதறினார். ஒன்றும் விழவில்லை.

"ஏம்மா, என் அவரைக்கு மருந்து எதனா அடிச்சியா? தளிர் பூரா அசுவினிப் பேன் மொய்ச்சிகினு இருந்துச்சு. இப்ப பாதிகூட இல்ல."

சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அக்கா, அந்த இடுக்கிப் பூச்சிங்கள உங்க பந்தலடியிலதான் விட்டேன். அதுங்க அசுவினியத் தின்னும். ஆனா அதுங்கதான் தின்னுச்சான்னு உறுதியா சொல்ல முடியாது. நடுவுல மழையும் பெஞ்சுது."

"என் பந்தல்லயா? என்னைக் கேக்காமயே?"

"தப்புதான் அக்கா."

"எத்தினி விட்ட?"

"முப்பத்தாறு."

"எண்ணி வேற வெச்சிகினு கீறியா!" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அங்கயே கெடக்கட்டும். துணிமேல ஒண்ணு ஏறிச்சு, தொட்டி எறங்கிடும்."

தொட்டிகள் இன்னும் மாடியில்தான் இருக்கின்றன. காலையில் சுருளோடு படியிறங்கும்போது அக்கா வாசலில் நின்று, "இன்னிக்கு எத்தினி?" என்று கேட்பார். ரெண்டு என்றால், "அவ்ளோதானா?" என்பார்.