கஸ்பர் லிண்ட்னர் ஊதிப் பிடித்த நிலம்

கஸ்பர் லிண்ட்னர் குதிரைப்படையில் சேர்ந்தது குதிரை ஏறும் ஆசையில் அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஜெர்மன்காரன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பீர் குடிக்கும் தோட்டத்தில் டியூபா என்ற தன் சொந்தப் பெரிய பித்தளைக் குழலை ஊதுவான். ஆள் சேர்க்க வந்த அதிகாரி அதைக் கேட்டுவிட்டு, "பேண்டுக்காரனுக்குக் காவல் கிடையாது, சண்டை கிடையாது. ஊதுறது ஒண்ணுதான் வேலை" என்றார். குதிரைப்படையின் பேண்டு குதிரைமேல் உட்கார்ந்துதான் ஊதும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்த அன்றே பேண்டு மாஸ்டர் ஸ்கார்ப்பா ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் பெயர் பிஷப்.

"ஐயா, எனக்குக் குதிரை ஏறத் தெரியாதே."

"அதனால என்ன? ஏத்திக்க அவருக்குத் தெரியும். நீ பாட்டுக்கு ஊது, மத்ததை பிஷப் பாத்துக்குவார்."

அது உண்மைதான். பிஷப் கடிவாளத்தை மதிக்காது, காலால் இடித்தாலும் அசையாது. அதற்குப் பாட்டு வேண்டும். மார்ச் வாசித்தால் நடக்கும், போல்கா வாசித்தால் குதித்து ஓடும், வேகமான ஆட்டப்பாட்டு வாசித்தால் நாலுகால் பாய்ச்சலில் பறக்கும். வேதப் பாட்டு வாசித்தால் தலையைக் குனிந்து அப்படியே நின்றுவிடும். பாட்டு நின்றால் தானும் நிற்கும். ஒரு மாதத்தில் கஸ்பருக்கு இது பழகிவிட்டது. உலகத்துக் குதிரைகள் எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான்.

அந்தப் படைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. உள்நாட்டுப் போரில் பெயர் வாங்கிய படை. அதன் பிறகு பழங்குடி மக்களை ஓரிடத்திலிருந்து விரட்டி இன்னோரிடத்தில் கொண்டுபோய் விட்டது. அப்படி நடுவில் மிஞ்சிய ஒரு பெரிய நிலத்தை என்ன செய்வதென்று வாஷிங்டனில் யாருக்கும் தெரியவில்லை. 'யாருக்கும் ஒதுக்கப்படாத நிலம்' என்று பெயர் வைத்து, அதற்குள் எவரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளும்படி படைக்கு உத்தரவு போட்டார்கள். ஏழை வெள்ளைக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து குடிசை போடுவார்கள். படை அவர்களைப் பக்கத்துக் கான்சாஸ் மாநில எல்லைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும். திரும்பி வருவதற்குள் அவர்கள் வேறு வழியாக உள்ளே வந்திருப்பார்கள். இப்படியே சில வருடங்கள் ஓடின.

குடியேறிகளைச் சிப்பாய்கள் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று கான்சாஸ் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. கர்னலுக்கு மனசு கேட்கவில்லை. "இனிமே விரட்டுறப்ப பேண்டையும் கூட்டிட்டுப் போங்க. ஜனங்க சந்தோஷமா போகட்டும்" என்று உத்தரவிட்டார். ஜனங்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள். பாட்டு நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, முன்பைவிட அதிகமாகத் திரும்பியும் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி டர்ஸா பிளெட்ஸோ. மிசூரியைச் சேர்ந்த விதவை. ஒரு வண்டி, இரண்டு கோவேறு கழுதைகள், ஒரு கனத்த இரும்பு அடுப்பு, இவ்வளவுதான் அவள் சொத்து. முதல் தடவை அவளை விரட்டப் போனபோது இளம் லெப்டினன்ட் தொப்பியைக் கழற்றி மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, இது யாருக்கும் ஒதுக்காத நிலம். இங்க யாரும் இருக்கக் கூடாது."

"யாருக்கும் ஒதுக்கலைன்னா, நான் இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

லெப்டினன்ட் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பேண்டை வாசிக்கச் சொன்னார்.

மூன்றாவது தடவை விரட்டியபோது டர்ஸா வண்டியை பிஷப்பின் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தாள். "யோவ் ஊதுறவரே! போன தடவையும் இதே பாட்டுதான். நடுவுல புதுசா ஒண்ணும் கத்துக்கலையா?"

கஸ்பர் பதில் சொல்ல வாயை எடுத்தான். பிஷப் நின்றுவிட்டது. வண்டி முன்னால் போய்விட்டது. அன்று சாயங்காலம் தண்ணீர்க்கரையில் தங்கியபோதுதான் அவனால் பேச முடிந்தது. அவளுடைய வாணலியை வாங்கி ரொட்டி சுட்டுக் கொடுத்தான். அவள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ்ளோ நல்லா ரொட்டி சுடுற ஆளுக்கு அந்தப் பித்தளையைக் கட்டிக்கிட்டு என்ன வேலை?"

"அடுத்து எப்ப வருவீங்க?" என்று கேட்டான் கஸ்பர்.

"உங்க கர்னல் எப்ப விரட்டுவார்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி வந்துடறேன்."

அவர்களுடைய காதல் அரசாங்கச் செலவில் வளர்ந்தது. விரட்டும்போதெல்லாம் சில நாள் சேர்ந்து பயணம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கஸ்பர் சீருடையைக் கழற்றினான். எல்லை ஊரில் பாதிரியாரைப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மறுவாரமே வண்டி கட்டிக்கொண்டு அந்த ஒதுக்கப்படாத நிலத்துக்குள் போய்க் குடிசை போட்டார்கள்.

அறுப்புக் காலத்தில் படை வந்தது. முன்னால் பேண்டு. பிஷப்பின் முதுகில் ஒரு புதிய ஆள் டியூபாவோடு தத்தளித்துக்கொண்டிருந்தான். தாளம் தப்பத் தப்ப பிஷப் இரண்டடி நடப்பதும் ஓரடி குதிப்பதுமாக வந்தது.

ஸ்கார்ப்பா இறங்கி வந்து கஸ்பரைக் கட்டிக்கொண்டார். "தம்பி, உன்னை விரட்ட வந்திருக்கேன். கோவிச்சுக்காதே."

"அதை விடுங்க ஐயா. என்ன இது, இப்படி வாசிக்கிறான்?"

"சகிக்கலை, இல்ல? உன் டியூபா கையில இருக்கா?"

கஸ்பர் உள்ளே போய் எடுத்துவந்தான். வண்டியின் பின்புறம் உட்கார்ந்து, தன்னைத் தன் வீட்டிலிருந்து துரத்தும் பாட்டைத் தானே கான்சாஸ் வரை ஊதிக்கொண்டு போனான். பிஷப் வண்டிக்குப் பின்னாலேயே அழகாக நடந்து வந்தது. டர்ஸா வழியெல்லாம் கழுதைகளைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் பிஷப்புக்கு வயதாகிவிட்டதென்று படை அதை ஏலத்தில் விட்டது. கேட்டது கஸ்பர் ஒருவன்தான்.

"இந்தக் கிழத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றாள் டர்ஸா.

"ஓடும் டர்ஸா. ஊதினா ஓடும்."

அடுத்த வசந்தத்தில் வாஷிங்டனுக்கு ஒரு வழியாக யோசனை வந்தது. நிலத்தைத் திறந்துவிடப் போகிறார்கள். குறித்த நாள் நண்பகலில் எல்லைக்கோட்டிலிருந்து ஓட வேண்டும். யார் எங்கே முதலில் முளை அடிக்கிறாரோ அந்த இடம் அவருக்கு. இத்தனை காலம் உள்ளே வந்தவர்களை விரட்டிய அதே படைதான், எல்லாரையும் ஒழுங்காக உள்ளே ஓடவிடுவதற்காகக் கோட்டில் வந்து நின்றது.

ஆயிரக்கணக்கான ஆட்கள், குதிரைகள், வண்டிகள். ஒருவன் சைக்கிளோடு நின்றான். கழுதை வண்டி மெதுவாகத்தான் வருமென்பதால் டர்ஸா பின்னால் இருந்தாள். கஸ்பர் பிஷப்பின் மேல் டியூபாவோடு. நண்பகல் நெருங்கியபோது கர்னலுக்குப் பக்தி பொங்கியது. பேண்டை ஒரு வேதப் பாட்டு வாசிக்கச் சொன்னார். பிஷப் தலையைக் குனிந்து நின்றது. கொம்பு முழங்கியது. மொத்தக் கூட்டமும் இடிபோலப் பாய்ந்தது. புழுதி அடங்கியபோது கோட்டில் மிச்சம் இருந்தது பிஷப்பும் கஸ்பரும்தான்.

"ஊதுடா மடையா!" என்று கத்தினார் ஸ்கார்ப்பா.

கஸ்பர் தனக்குத் தெரிந்ததிலேயே வேகமான ஆட்டப்பாட்டை எடுத்தான். பிஷப் காதை நிமிர்த்தியது. அப்புறம் பறந்தது. குதிரையின் முதுகு எம்ப எம்ப டியூபா அவன் பல்லில் இடித்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மூச்சு குறையக் குறைய தாளம் குறைந்தது. தாளம் குறையக் குறைய பிஷப் பாய்ச்சலிலிருந்து குதிநடைக்கு வந்தது, குதிநடையிலிருந்து நடைக்கு வந்தது. கலப்பை ஏற்றிய வண்டியில் தாமதமாக வந்து சேர்ந்த ஒருவன், "யோவ், நிலம் பிடிக்கப் போறியா, கல்யாண ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனான்.

ஒரு சிறிய ஓடையருகே கஸ்பரின் மூச்சு அடியோடு தீர்ந்தது. பிஷப் நின்றது.

திரும்பிப் பார்த்தான். எல்லைக்கோடு தெரிந்தது. ஸ்கார்ப்பாவின் மீசைகூடத் தெரிந்தது. முன்னால் பார்த்தான். முளை அடித்தவர் ஒருவரையும் காணோம். நல்ல நிலம் தூரத்தில்தான் இருக்குமென்று எல்லாரும் இதைத் தாண்டிப் பறந்துவிட்டிருந்தார்கள். கஸ்பர் இறங்கி முளையை அடித்தான்.

கொஞ்ச நேரத்தில் டர்ஸா வந்து சேர்ந்தாள். "இவ்ளோ தூரம்தானா?"

"மூச்சு அவ்ளோதான்."

அவள் இறங்கி ஓடையில் கையை விட்டுப் பார்த்தாள். "தண்ணி இருக்கு" என்றாள்.

அதற்குள் லெப்டினன்ட் குதிரையில் வந்துவிட்டார். திருட்டுத்தனமாக முன்கூட்டியே உள்ளே வந்து ஒளிந்திருந்தவர்களைப் பிடிப்பது அவர் வேலை. பிஷப்பைத் தடவிப் பார்த்தார். "குதிரைக்கு வேர்க்கவே இல்லையே. நீ காலையிலேயே வந்துட்டே, இல்ல? கிளம்பு."

பழக்கதோஷத்தில் டர்ஸா வண்டியைத் திருப்ப ஆரம்பித்தாள். ஸ்கார்ப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயா, இவன் நியாயமாத்தான் வந்தான். கோட்டுலேர்ந்து இதுவரைக்கும் ஒரு நொடிகூட என் கண்ணை விட்டு மறையல. அவ்ளோ மெதுவா வந்தான். இந்தக் கண்றாவியைப் பூராவும் நான் பாத்தேன், கேட்கவும் கேட்டேன்."

லெப்டினன்ட் எல்லைக்கோட்டைத் திரும்பிப் பார்த்தார். தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நிலம் அவர்களுடையதாகிவிட்டது. ஆனால் டர்ஸா அதை நம்பவில்லை. வண்டியிலிருந்த சாமான்களை அவள் இறக்கவே இல்லை. வண்டிமேல் ஏறி நின்றே இரும்பு அடுப்பில் சமைத்தாள். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தினத்துக்காகப் புதிய ஊரின் பேண்டு அந்தப் பக்கமாக வாசித்துக்கொண்டு போனது. வயலிலிருந்து கஸ்பர் ஓடிவருவதற்குள் அவள் கழுதைகளைப் பூட்டி, கோழிகளைக் கூண்டில் அடைத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

நவம்பரில் ஒரு நாள் ஆலங்கட்டி கலந்து மழை கொட்டியது. நனைந்துபோய் வண்டியில் நின்றவள், "சரி, அடுப்பை இறக்குங்க" என்றாள். பக்கத்து நிலத்துக்காரர்கள் மூன்று பேர் வந்து கைகொடுத்தார்கள். கஸ்பர் போட்டிருந்த குடிசைக்குள் இறக்கி வைத்த இடத்தில் செம்மண் சேறு. அடுப்பின் ஒரு கால் புதைந்து, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதை நிமிர்த்தலாமா என்று கஸ்பர் கேட்டான்.

"தொடாதீங்க. புதைஞ்சது புதைஞ்சதாவே இருக்கட்டும்" என்றாள் டர்ஸா.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சுட்ட ரொட்டியெல்லாம் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் பள்ளமாகவும்தான் வந்தது. ரொட்டிக் கடையில் தொழில் கற்ற கஸ்பர் அதையே ருசித்துச் சாப்பிடுவான். உயரமான பக்கத்தை அவளுக்கு வெட்டிக் கொடுப்பான்.