வேகாத சிப்பியும் செல்வத்தின் காலும்

போன மே மாதம் மேற்குக் கரையில் மல்பே கடலில் இறங்கிய என் கணவர் செல்வம், ஒரு காலை இழந்துவிடுவார் என்றே பயந்தோம். இந்த மே மாதமும் அங்கேதான் போனோம். "அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதே" என்று நாங்கள் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்தில் சொல்லாத ஆளில்லை. சொல்லட்டும்.

செல்வம் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். போன வருடம் லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள் கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. "உப்புத் தண்ணி பட்டா சீக்கிரம் ஆறிடும்பா" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்ல, வெதுவெதுப்பான கடலில் முழங்கால் வரை நின்றார். மறுநாளே கால் வீங்கிக் கருநீலக் கொப்புளம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிய டாக்டர் விளக்கினார். சூடான கடல்நீரில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா அது. தண்ணீர் தெளிவாக இருந்தாலும் இருக்கும், வெயில் காலத்தில் பெருகும், புண் வழியே நுழையும். சிப்பி கடல்நீரை வடிகட்டித் தின்பதால் அதற்குள்ளும் சேரும். பச்சையாகத் தின்றால் வயிற்றுப்போக்கு வரலாம். ஈரல் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் கலந்து உயிரையே எடுத்துவிடும். செல்வம் மஞ்சள் காமாலையில் ஈரல் பழுதானவர்.

இந்த முறை வாடகை சுமோ, கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய். ஷிராடி மலைப்பாதை வழியாக ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். விடிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மல்பே. டிரைவர் பாபு எங்கள் ஊர் ஜோகுபாளையத்துக்காரர், வாய் ஓயாது. கரையில் பச்சைச் சிப்பி வாங்கி எலுமிச்சை பிழிந்து நீட்டினார்.

"லெமன் போட்டா கிருமி எல்லாம் செத்துப்பூடும் சார். சும்மா டேஸ்ட் பாருங்க."

செல்வமும் கை நீட்டினார்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. தட்டைப் பிடுங்கினேன்.

"லெமனுக்கெல்லாம் அது சாவாது. அடுப்புல வேகணும்."

"வெந்தா ருசி பூடுமேக்கா."

"ருசி போனா போவட்டும். இவரு போகக் கூடாது."

பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அடுப்பிலேயே வேகவைத்தோம். ஓடு திறந்த பிறகும் சில நிமிடம் கொதிக்கவிட்டு, திறக்காததைத் தூக்கிப் போட்டோம். தேங்காய் மசாலாவோடு பாபுதான் அதிகம் தின்றார்.

போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். உடம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கி, புண் சிவந்து வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் ஓடி, கடலில் நின்றதையும் சொல்லுங்கள்.

சாயங்காலம் செல்வத்தின் குதிகாலைப் புதுச் செருப்பு கடித்திருந்தது. என்னிடம் காட்டிவிட்டு, அலை எட்டாத மணலாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"வர்ற மே மாசம் செருப்பு பழசாயிருக்கும்ல," என்றார். "அப்போ எறங்குறேன்."