அடி நெளிந்த பானை

சின்னம்மாவின் குசினியில் ஓர் அலுமினியப் பானை இருக்கிறது. நாலைந்து பேருக்குச் சோறாக்கப் போதுமானது. அதன் அடி விளிம்பில், ஒரு பக்கமாக, உள்ளங்கை அளவுக்கு நெளிந்திருக்கும். சமதளத்தில் வைத்தால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், அடுப்பில் ஏற்றும்போதெல்லாம் சின்னம்மா நெளிவுக்குக் கீழே ஓர் ஓட்டுத் துண்டைச் செருகுவார். என்ன செருகினாலும் நெருப்பு ஒரே சீராகப் படாது. ஒரு கரையில் சோறு அடிப்பிடிக்கும். அதைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொள்வார். சித்தப்பா அவருக்குச் செய்ததை அறிந்தவர்கள் அந்தப் பானையைக் கண்டால், அவர் மேல் எறியப்பட்டு நெளிந்தது என்றுதான் நினைப்பார்கள். அந்த நெளிவு சின்னம்மாவின் உடம்பில் பட்டு வந்ததல்ல.

நான் கட்டட வேலைகளைப் பார்வையிடும் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர். அளப்பதும், அளந்ததை வகை பிரித்து எழுதுவதும் என் வேலை. வரைபடத்தில் எல்லாம் மீற்றர்தான். மேசன்மாரின் வாயில் மட்டும் இன்னும் அடி. ‘பத்தடிக்குப் பன்னிரண்டடி’ என்று அவர்கள் சொன்னால்தான் அறை என் கண்ணில் எழும்பும். எதையும் இனம் பிரித்து அடுக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலேயே உண்டு. இந்தச் சொல்லை மட்டும் என்னால் அடுக்கி முடிக்க முடிந்ததில்லை. செங்கலடியில் பஸ் ஏறினால் அரசடியில் இறங்கலாம், அங்கிருந்து கல்லடிக்குப் போகலாம். எங்கள் பக்கத்தில் ஒரு மரத்தின் அடியோ கல்லின் அடியோ ஊராகிவிடுகிறது. கோயிலில் மணி அடிக்கும். போன் அடிக்கும். சைக்கிளுக்குக் காற்று அடிப்போம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், வயலுக்கு மருந்து அடிப்போம். அறுவடை முடிந்தால் சூடு அடிப்போம். சிநேகிதிகளை ‘அடியே’ என்று கூப்பிடுவோம். சித்தப்பாவும் சின்னம்மாவை ‘அடியேய்’ என்றுதான் கூப்பிட்டார். அவர் வாயில் சின்னம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் வயதுக்கு வந்ததும் தகப்பன் வீடு கட்டக் கல்லரியத் தொடங்குவார். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை துணிப் பையோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். தாய் வீடு மகளுக்குப் போகும், அவளிடமிருந்து அவள் மகளுக்குப் போகும். அம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் ஒரே வளவை மூன்றாகப் பிரித்துக் கட்டிய மூன்று வீடுகளில் இருந்தார்கள். எங்கள் குசினிக்கும் சின்னம்மாவின் அறைக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டுமே. வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்க முடியாது. கேட்கலாம்.

கேட்டுக் கேட்டே எனக்கு அவை பிடிபட்டுவிட்டன. கை என்றால் சத்தம் அகலமாக இருக்கும், இடுப்புப் பட்டி என்றால் முதலில் ஒரு விசிறல் கேட்கும். தென்னை மட்டை பட்டால் சின்னம்மா கத்தமாட்டார், மூச்சை மட்டும் உள்ளே இழுப்பார். தலை சுவரில் மோதினால் நிலத்தில் தேங்காய் விழுந்தது போல மந்தமாக ஒரு சத்தம் வரும். ஒருநாள் பின்னேரம், ஆற்றோரம் காயவைத்த உடுப்பை எடுத்துக்கொண்டு வந்த சின்னம்மாவைச் சித்தப்பா கடப்படியிலேயே மறித்தார். வேலியில் விடப்பட்ட வாசலைத்தான் நாங்கள் கடப்படி என்போம். தலைமயிரைக் கையில் சுற்றி, முழங்காலில் விழுத்தி, முகத்தில் மிதித்தார். தங்கச்சி, சின்னம்மாவின் மகள், சிதறிய உடுப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உதறி மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் சின்னம்மாவின் கீழ் வரிசையில் ஒரு பல் இல்லை. வாயை மூடிச் சிரிக்கும் பழக்கம் அன்றுதான் அவருக்கு வந்தது.

றோட்டில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். “என்னகா, அங்க அடிக்கிறானா?” என்று எங்கள் கடப்படியில் நின்று ஒருத்தி கேட்பாள். “ஓம், அடிக்கிறார்” என்று அம்மா சொல்வார். காற்றடிக்கிறது, மழையடிக்கிறது என்று சொல்வது போலவே சொல்வார். அப்படிச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் மீன் விலையைப் பேசுவார்கள். வளர்ந்த பிறகு இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். கொல்கிறான் என்று ஒருவர் சொல்லியிருந்தால் யாராவது ஓடியிருப்பார்கள். அடிக்கிறான் என்பது வாயில் அத்தனை லேசாக இருந்தது. மணிக்கும் மழைக்கும் பழகிய சொல். அதைக் கேட்டு யாரும் ஓடுவதில்லை, நனையாமல் ஒதுங்கி நிற்பார்கள்.

போய்த் தடுத்தால் என்ன என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “நானும் இந்த வளவுக்கு வந்த ஆள் புள்ள. அவரும் வந்த ஆள். நான் என்னண்டு அவர்ட வீட்டுப் படலக்குள்ள போற?” என்றார்.

சித்தப்பா சில வருடங்கள் கட்டாரில் இருந்தார். வந்த காசில் சின்னம்மாவின் வீட்டுக்கு முன்னால் ஒரு அறையைக் கட்டி, ஓடு போட்டு, பச்சைச் சுண்ணாம்பு அடித்தார். திரும்பி வந்த பிறகு வேலை எதுவும் நிலைக்கவில்லை. லொறி எடுக்கக் கடன் வேண்டும், அதற்கு ஈடுவைக்க வீட்டைத் தன் பெயருக்கு எழுது என்று தொடங்கினார். சின்னம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர். இதற்கு மட்டும் ஆட்டவில்லை. “அது புள்ளக்கிக் குடுக்கிற வீடு” என்பார். வீடில்லாத பெண்ணை எங்கள் ஊரில் யாரும் கேட்டு வரமாட்டார்கள். தங்கச்சிக்கு அந்த நான்கு சுவர்களைத் தவிர வேறெதுவும் இல்லை. அதற்குப் பிறகு விழுந்த ஒவ்வோர் அடியும் அந்த வீட்டுக்காக விழுந்தது. ஒருமுறை சின்னம்மாவின் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். கட்டுப்போட்ட கையோடு அடுத்த நாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார் சின்னம்மா. “எழுதிக் குடுத்திட்டா என்ன கா, உசிராவது மிஞ்சும்” என்று அம்மா சொன்னதற்கு, “எழுதிக் குடுத்தா மறுகா என்னத்துக்கு உசிர்?” என்றார்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், விடுமுறைக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். சின்னம்மா குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் எழுந்தது. கனமாக, விட்டுவிட்டு. என்ன என்று பிடிபடாமல் கடப்படியால் ஓடினேன். சித்தப்பா சம்மட்டியால் முன்னறைச் சுவரை அடித்துக்கொண்டிருந்தார். பச்சைச் சுண்ணாம்பு தூளாகப் பறந்து அவர் முகத்தில் படிந்திருந்தது.

“நான் கட்டின சுவர். நான் உடைப்பன். எவள்டி கேக்கிற?”

அந்தச் சுவரில்தான் முன்கூரையின் பாரம் முழுவதும் இறங்கியிருந்தது. அந்த வருடம்தான் அதைப் படித்திருந்தேன். “சித்தப்பா, கூரை வரும்! தங்கச்சி உள்ளுக்க நிக்காள்!” என்று கத்தினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கல் ஒன்று உள்பக்கம் விழுந்தது. மேலே கூரையைத் தாங்கிய வளை முனகியது. ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கித் தரையில் சிதறின. உள்ளே தங்கச்சியின் அலறல் கேட்டது. அவர் சம்மட்டியை மறுபடி தோளுக்கு மேலே ஓங்கினார்.

சின்னம்மா பானையோடு வந்தார். பாதி வடித்த சோறு, விளிம்பில் கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. அவசரப்படவில்லை. பக்கத்தில் போய், இரண்டு கையாலும் பானையைப் பிடித்து, ஓங்கியிருந்த கையின் முழங்கையில் ஒரே ஒரு அடி அடித்தார். எலும்பு உடையும் சத்தத்தை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். காய்ந்த மட்டை முறிவது போல இருந்தது. முதலில் சம்மட்டி விழுந்தது. அடுத்ததாகச் சோறு. அவர் கதறியது அதற்கும் பிறகுதான். சுடுசோறும் கஞ்சியும் அவர் நெஞ்சிலும் சின்னம்மாவின் கால்களிலும் வழிந்தன. சின்னம்மா கால்களை உதறக்கூட இல்லை.

பெரியம்மாவும் அம்மாவும் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கையில் உலக்கை, மற்றவர் கையில் கூட்டுகிற தும்புத்தடி. அத்தனை வருடம் கடக்காத வேலி. தரையில் கிடந்தவருக்கு மேலே நின்று பெரியம்மா கேட்டார்: “என்ன தம்பி, இந்த வளவில பொம்புளயள் எல்லாரும் செத்துப் போயிட்டாளுகள் எண்டு நினைச்சியளோ?” உலக்கை ஒருமுறை அவர் முதுகில் இறங்கியது. அம்மாவின் தும்புத்தடி எத்தனை முறை இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. தங்கச்சியை இழுத்துக்கொண்டு வர உள்ளே போயிருந்தேன்.

சித்தப்பா கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பொலிசில் முறைப்பாடு செய்தார். எங்களைக் கூப்பிட்டார்கள். சின்னம்மா காலில் கட்டோடு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். சார்ஜன் சின்னம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“தங்கச்சி, புருசனுக்குக் கை வச்ச நீங்களா?”

“ஓம் சேர். அடிச்சன். ஒருக்கா.”

“ஏன்?”

“வீட்ட அடிச்சவர்.”

“உங்களுக்கு அடிக்கல்லயா?”

“அது எப்பயும்தானே.”

சார்ஜன் பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சுவரைப் பார்த்தார். அந்தச் சொல்லைச் சின்னம்மா தன்னைப் பற்றிச் சொல்லி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். ‘அடிச்சன்.’ ஒரு வேலையைச் செய்து முடித்த குரல்.

முறைப்பாடு அதற்கு மேல் போகவில்லை. அன்று பின்னேரம் சித்தப்பாவின் உடுப்புகள் ஒரு பையில் மடித்து கடப்படியில் வைக்கப்பட்டிருந்தன. மடித்தது தங்கச்சி. அவர் எங்கே போவார் என்று யாரும் கேட்கவில்லை. போக இடம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. அவருடைய தாய் வீடு வழக்கப்படி அவர் அக்காவுக்குப் போய்விட்டது. அக்கா வீட்டு விறாந்தையில், மச்சானின் முகம் பார்த்து, ஒரு பாயில் கிடந்தார். கை கோணலாகவே பொருந்தியது. தாய் வீட்டிலிருந்து வெளியேறி, மனைவி வீட்டில் வந்தவராகவே இருந்து, தனக்கென்று ஒரு சுவரைக் கட்டிப் பார்த்த மனிதன் என்று இப்போது சில நேரம் அவரை யோசிக்கிறேன். காலூன்ற ஓர் அடி நிலம் அவருக்கு எங்கேயும் இருக்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள முடிகிறது. அந்தப் பல்லையும் சுண்டுவிரலையும் நினைத்தால் அதற்கு மேல் போக முடியவில்லை. பெண்ணுக்கு வீடு என்ற வழக்கம் சின்னம்மாவை அத்தனை வருடம் காப்பாற்றவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கடைசியில் வெளியே போக வேண்டியவர் யார் என்பதை மட்டும் அது சொன்னது.

போன கிழமை தங்கச்சியின் கலியாணப் பேச்சு முடிந்தது. வீட்டை அவள் பெயருக்கு எழுதுவதற்கு முதல் ஒரு வரைபடம் வேண்டும் என்று சின்னம்மா என்னைக் கூப்பிட்டார். மாப்பிள்ளையும் வந்திருந்தார். செங்கலடியில் ஒரு கராச்சில் டிங்கர் வேலை செய்கிறவர். மோதி நசுங்கிய வாகனங்களின் தகடுகளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். “நாள் முழுக்க அடிக்கிறதுதான் இவர்ட வேல” என்று தங்கச்சி கேலி பண்ணினாள். “அடிச்சாத்தான் சோறு” என்று அவரும் சிரித்தார். சின்னம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

முன்னறையிலிருந்து தொடங்கினோம். உடைந்த சுவரைச் சின்னம்மா அந்த வருடமே தன் சீட்டுக் காசில் திருத்தியிருந்தார், பச்சை நிறம் இல்லாமல். மாப்பிள்ளை அளவு நாடாவின் நுனியைப் பிடித்தார், நான் எழுதினேன். அளந்து முடித்ததும் அவர் நுனியை விட, இரும்பு நாடா சர்ரென்று ஓடிவந்து கூட்டில் அறைந்தது. பக்கத்தில் நின்ற சின்னம்மாவின் முழங்கை முகத்துக்கு மேலே உயர்ந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. ஒரு நொடிதான். பிறகு கையை இறக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போலப் பாவனை காட்டினார். அடுத்த அறையிலிருந்து மாப்பிள்ளை நாடாவை என்னிடமிருந்து வாங்கி, ஒவ்வொரு முறையும் விரலால் பிடித்து, சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். அவரிடம் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

குசினியை அளக்கப் போனபோது சின்னம்மா அங்கே உலைவைக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பானையைக் கண்டார். தொழில்காரனின் கை சும்மா இருக்காது. பானையைத் தூக்கி, கவிழ்த்து, நெளிவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“மாமி, இதக் கராச்சுக்குக் கொண்டு போனா ரெண்டு தட்டுல நிமித்திரலாம். அடிச்ச இடமே தெரியாது.”

தங்கச்சி என்னைப் பார்த்தாள். சின்னம்மா அவர் கையிலிருந்து பானையை வாங்கினார்.

“வேணாம் மருமகன். தெரியோணும்.”

மாப்பிள்ளை, திருத்திய சுவர் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு சொல்லியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சின்னம்மா சுவர்த் தட்டுக்கு மேலிருந்து ஓட்டுத் துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அன்று முன்கூரையிலிருந்து விழுந்த ஓடுகளில் ஒன்றின் துண்டு அது.

“இத அடியில வைங்க.”

சின்னம்மா பானையை அடுப்பில் ஏற்றிப் பிடித்திருந்தார். மாப்பிள்ளை குனிந்து, துண்டை நெளிவுக்குக் கீழே செருகி, பானை ஆடுகிறதா என்று ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். ஆடவில்லை.