கத்துவது என் வேலை

எங்கள் தொழிலில் கத்தத் தெரிந்திருக்க வேண்டும். உடற்பயிற்சி உடலியங்கியல் கற்பிக்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் யோகா டீச்சரா என்பார்கள், மீதிப் பேர் எடை குறைய என்ன சாப்பிடலாம் என்பார்கள். நான் செய்தது இதுதான்: ஒருவரை ட்ரெட்மில்லில் ஏற்றி, மூக்கைக் கிளிப்பால் அடைத்து, வாயில் ரப்பர்க் குழாயைச் செருகி, இனி முடியாது என்னும் வரை ஓடவிடுவது. அவர் விடும் மூச்சை இயந்திரம் அளக்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அவர் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். அதுதான் அவருடைய உச்சம். ஆனால் பலர் அந்த இடம் வருவதற்கு முன்பே கையைத் தூக்கிவிடுவார்கள். உடம்பு விடுவதற்கு முன் மனசு விட்டுவிடும். அப்படி விடாமல் இருக்க, பக்கத்தில் ஒருத்தர் நின்று கத்த வேண்டும். புனேயில் எங்கள் உடற்கல்விக் கல்லூரியில் அந்த ஒருத்தர் நான்.

"சல், சல்! அஜூன் தோடா!" என்று ஆரம்பித்தேன் என்றால் கேன்டீனில் டீ குடிப்பவர்கள்கூட யாரோ ஓடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மராத்தியில் விரட்டுவது. கோயம்புத்தூரில் இருந்தவரை நான் அதிர்ந்து பேசியதில்லை என்று சொன்னால் மாணவிகள் நம்ப மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி புனேயை ஒட்டிய நிக்டிக்கு வந்தேன். கணவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்கு அந்தக் கல்லூரியில் விரிவுரையாளர் பணி கிடைத்தது. என் முனைவர் பட்ட ஆய்வு, தலையில் குடத்தோடு மாடிப்படி ஏறும் பெண்களின் மூச்சைப் பற்றியது. அப்போது எங்களிடம் புது இயந்திரம் எதுவும் இல்லை. பெரிய பை ஒன்றில் மூச்சைப் பிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடி வந்து அளக்க வேண்டும். மூக்கில் கிளிப்பை மாட்டியதும் அந்தப் பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் அளவு கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒருத்தியின் மாமியார், இதெல்லாம் எதற்கு, ஏறினால் மூச்சு வாங்கும் என்று நானே சொல்கிறேனே என்றாள். எப்படியோ முட்டி மோதி முடித்தேன். கட்டுரை ஒரு சிறிய இதழில் வந்தது. அதைப் படித்ததாக இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

இருந்தாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெறும்போது ஆய்வகப் பொறுப்பு எனக்குத்தான் வரும். நான்தான் மூத்தவள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என் படிக்கட்டுப் பெண்களைப் பெரிய அளவில் மறுபடி ஆராயலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவள் வந்து சேர்ந்தாள். சென்னைப் பெண், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள், மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள். அப்போது சாங்வியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மற்றவர் முன்னால் என்னை மேடம் என்பாள். தனியாக இருக்கும்போது அக்கா. அந்த அக்காவில் ஒரு துளி போலித்தனம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தான் ஓடிப் பார்க்காத சோதனையில் அடுத்தவரை ஓடவிடக் கூடாது. துறைத் தலைவர் போட்ட விதி அது. எந்த ஆய்வு தொடங்கினாலும் முதலில் ட்ரெட்மில்லில் ஏறுவது அதில் சேர்ந்திருக்கும் ஆசிரியர்கள்தான். சேர்ந்த வாரமே அவள் ஏறினாள். ஆண் விரிவுரையாளர்கள் எல்லோருடைய அளவையும் தாண்டினாள். துறைத் தலைவர் "ஷாபாஷ்!" என்று கைதட்டினார். அவர் என் அளவைப் பார்த்தபோது, வயதுக்குப் போதும் என்று சொல்லியிருந்தார். அப்போது எனக்கு என்ன பெரிய வயது!

உச்ச அளவில் ஒரு பங்கைத்தான் பயிற்சியால் ஏற்ற முடியும், மீதி பிறவியிலேயே வருவது என்று ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் நான்தான் பாடம் நடத்துவேன். அவள் வந்த பிறகு அந்தப் பாடத்தை நடத்தவே எரிச்சலாக இருந்தது. அவளுடைய ஆராய்ச்சி தொலைதூர ஓட்டக்காரிகளைப் பற்றியது. சாதாரா, சாங்லிப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் ஓடி முடித்ததும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, எவ்வளவு சீக்கிரம் தேறுகிறார்கள் என்று பார்ப்பாள். அந்த ஓட்டக்காரிகளின் படம் செய்தித்தாளில் வரும். பக்கத்தில் இவளும் நிற்பாள். குடம் தூக்குகிறவர்களை யார் படம் எடுக்கப் போகிறார்கள்? இரண்டு வெளிநாட்டு இதழ்களில் அவள் கட்டுரைகள் வந்தன. மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து சாக்லேட் கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை என்று பொய் சொல்லி வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"அந்தப் புள்ள ஓடறா. நீ எதுக்கு இப்படிப் பொசுங்கற?" என்றார் அவர்.

"ஓடறது மட்டும்னா பரவால்லைங்க. எல்லாத்துலயும் முந்தறாளே."

அவள் ஒரு ஐ.டி. மாப்பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டு வாகட்டில் புதிதாக எழும்பிய அடுக்ககத்துக்குக் குடி போனாள். பால் காய்ச்ச எங்களையும் அழைத்திருந்தாள். ஜன்னல் வழியே காற்று அள்ளிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது. காற்றுக்குக்கூடவா பொறாமை என்று கேட்டால், ஆமாம்.

துறைத் தலைவர் ஓய்வு பெறும் ஆண்டில் கல்லூரிக்கு ஒருவழியாகப் புது மூச்சு அளவி வந்தது. அதைப் பார்வையிட ஒரு குழு வருவதாகச் சொன்னார்கள். ஆய்வகத்தை அடுத்து யார் நடத்துவது என்பதும் அந்தக் குழு சொல்வதைப் பொறுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். செய்துகாட்ட ஒருவர் ஓட வேண்டும், ஒருவர் சோதனையை நடத்த வேண்டும். அவள் ஓடுவது, நான் நடத்துவது என்று முடிவானது. சரிதான் என்று நினைத்தேன். உச்சத்தைத் தொடாமல் அவள் பாதியில் நின்றால் குழு முன்னால் சோதனை செல்லாமல் போகும். நான் நாலு தடவை வழக்கம்போலக் கத்தினால் போதும், என்னை யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அன்று அவளுக்கு லேசான காய்ச்சல் இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. வேகம் ஏற ஏற அவள் முகம் சிவந்தது. திரையில் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, அதாவது உச்சம் வரவில்லை. நான் "சல், சல்" என்று கத்தினேன். அவள் கை பக்கத்துக் கம்பியை நோக்கிப் போனது. அதைப் பிடித்தால் முடிந்தது. குழுவில் ஒருவர் பேனாவை மூடிவிட்டார்.

அந்த நொடியில் எனக்குள் என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். இரக்கம் இல்லை. கடமையும் இல்லை. இவளுக்கும் ஒரு எல்லை உண்டு, அதற்கு மேல் இவளாலும் முடியாது என்கிற அந்தக் கோட்டை என் கண்ணால் பார்க்க வேண்டும். களைப்பில் நின்றுவிட்டு, இன்னும் போயிருப்பேன் அக்கா என்று அவள் பிறகு சொல்ல விடக் கூடாது. மராத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

"ஓடுடி! உட்றாதே! இன்னுங் கொஞ்சம்! கம்பியத் தொட்டீன்னா பாத்துக்க! ஓடு, ஓடு, ஓடு!"

அவள் கை திரும்பிவிட்டது. என்னைப் பார்க்காமல் நேரே சுவரைப் பார்த்தபடி ஓடினாள். கோடு ஏறியது, பிறகு தட்டையாக நின்றது. வேகத்தை ஒரு படி கூட்டினேன். கோடு ஏறவில்லை. அவளுடைய எல்லையைப் பார்த்துவிட்டேன். அவள் சேர்ந்த வாரத்தில் எட்டியதைவிட அது அதிகமாக இருந்தது.

குழு எழுந்து நின்று கைதட்டியது. மேடம் என்ன சொன்னார்கள் என்று ஒருவர் கேட்டார். ஆசீர்வாதம் செய்தார்கள் என்றார் துறைத் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் ஆய்வகப் பொறுப்பு அவளுக்குப் போனது.

நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாளே அவள் நிக்டிக்கு வந்துவிட்டாள். அவளை உட்காரச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்தேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அக்கா, அன்னிக்கு மராத்தியில கத்தினீங்க, அது காதுல விழுந்துச்சு, அவ்ளோதான். தமிழ்ல கத்தினதும் கால் தானா ஓடுச்சு. இதையே ஒரு ஸ்டடியா பண்ணலாமா? அவங்கவங்க மொழியில கத்தினா இன்னும் கொஞ்சம் போறாங்களான்னு?"

பெல்காம் பக்கத்துப் பெண் ஓடினால் இரண்டு கன்னட வார்த்தை கற்றுக்கொண்டு கத்துவேன். உத்தரப் பிரதேசத்துப் பையன் என்றால் இந்தி. பத்து ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தேன், அது வேலை செய்வதும் எனக்குத் தெரியும். அது ஒரு ஆராய்ச்சி என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் தொண்டைக்குள் இருந்ததை இவள் ஒரே ஓட்டத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நாற்காலி போனதைவிட அது அதிகமாக வலித்தது.

ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு யாராவது கத்துவார்கள், அதை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஓடுகிற எல்லோரும் ஒரே குரலை ஒரே அழுத்தத்தில் கேட்க வேண்டும் என்பதால் டேப்பில் பதிவுசெய்ய முடிவானது. தமிழ்க் குரல் என்னுடையது. ஆய்வகத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். கத்தினேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி கத்தினேன். எனக்கே செய்தி வாசிப்பது போல இருந்தது.

"இப்படி இல்லக்கா. அன்னிக்கு மாதிரி."

"அன்னைக்கு மாதிரிதானே கத்தறேன் கண்ணு."

அவள் டேப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமோ கிண்டலோ அந்த முகத்தில் இல்லை.

"அன்னிக்கு உங்களுக்கு என்மேல வயித்தெரிச்சலா இருந்துச்சுல்ல. அது வேணும்க்கா. அது இல்லன்னா யாரும் ஓட மாட்டாங்க."

காதெல்லாம் சூடாகிவிட்டது. அக்கா அக்கா என்று சுற்றி வந்த ஆண்டுகள் முழுக்க இவளுக்குத் தெரிந்திருக்கிறது. சாக்லேட் நீட்டியபோதும் தெரிந்திருக்கிறது. அவள் பட்டனை அழுத்தினாள். நான் கத்தினேன். அந்த ஒரு பதிவே போதும் என்றாள்.

வழக்கப்படி முதலில் ஓட வேண்டியது நாங்கள். என்னை ஏற்றி, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ரப்பரைப் பொருத்திவிட்டாள். அந்த நிலையில் யாராலும் ஒரு வார்த்தை பேச முடியாது. வேகம் ஏறி என் கால்கள் தளர்ந்தபோது டேப்பைப் போட்டாள். உட்றாதே, இன்னுங் கொஞ்சம் என்று என் வயிற்றெரிச்சல் என்னையே விரட்டியது. கம்பியைத் தொடவில்லை. என் வாழ்நாளிலேயே அதிகமாக நான் எட்டியது அன்றுதான். அது அவளுடையதைவிட மிகவும் குறைவு. அதையும் அவள்தான் அளந்தாள்.