பல் செட்டுக்காரர் மேல் ஒரு வழக்கு

இந்த ஊரில் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். சரி, பாதி என்பது கொஞ்சம் தாராளம். சிரிக்கிறவர்களே இப்போது குறைவு, அதில் பல் செட் வைத்தவர்கள் இன்னும் குறைவு. ஆனாலும் பேருந்தில் எதிரே ஒருவர் பளிச்சென்று வாய் திறந்துவிட்டால் போதும், பல் செட்டுக்காரரின் பார்வை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நம்ம கை வேலையா, வேறு ஆள் வேலையா என்று ஆராய்ச்சி நடக்கும். முன்பின் தெரியாத ஆள் தன் வாயையே உற்றுப் பார்த்தால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுவார்கள்.

மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய வேலை அறை; முதலாளி வேறொருவர், இவருக்கு மாதச் சம்பளம். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகள் பிளாஸ்டர் வாய்களாக அலமாரி நிறைய அடுக்கியிருக்கும். பேர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, வார்த்து, ராவி, மெருகேற்றி அனுப்புவார். அனுப்பியதோடு சரி. எந்த வாய்க்குப் போயிற்று, ஒழுங்காக மென்றதா என்று ஒரு சேதியும் வராது. குறை இருந்தால் மட்டும் திரும்பி வரும்.

வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண்கள் இரண்டு பேரும் கடல் தாண்டிக் குடித்தனம்.

"வரணும்னுதான்ப்பா இருக்கு. ஆனா குழந்தைங்க அந்த வெக்கையைத் தாங்காதுங்க. எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிட ஒரு மேசைகூட கிடையாது" என்று பெரியவள் ஒரு தடவை வாய்தவறிச் சொன்னாள்.

மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். வங்கி கூப்பிட்டுக் கொடுத்திருந்த கிரெடிட் கார்டு அலமாரியில் சும்மா கிடந்தது. அதைத் தேய்த்தார். ஏசி வந்தது. குழந்தைகளுக்கு அடுக்குக் கட்டில் வந்தது. எட்டு நாற்காலியோடு ஒரு சாப்பாட்டு மேசை வந்து, கூடத்தில் மனிதர் நடக்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டது. பெண்களும் வந்தார்கள். ஒரு வாரம் வீடு ரெண்டுபட்டது. பிறகு மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். கடன் மட்டும் போகாமல் தங்கிவிட்டது.

அதே வருஷம் பெரிய வைத்தியர்கள் பல் செதுக்கும் கணினி யந்திரத்துக்கு மாறினார்கள். முதலாளி அவர் சம்பளத்தில் கை வைத்தார். தவணை நின்றது, வட்டி குட்டி போட்டது, தொலைபேசி அலற ஆரம்பித்தது.

வங்கியின் வசூல் பிரிவிலிருந்து முதலில் பேசியவன் முரடன்.

"ஏன்யா, வாங்கித் தின்னுட்டு இப்படி இருக்கியே, வெக்கமா இல்ல?"

"இருக்கு தம்பி. வந்து எடுத்துக்குறீங்களா? இப்போதைக்குக் கையில இருக்கறது அது ஒண்ணுதான்."

அவன் போய் ஒரு பெண் வந்தாள். காலையில் அவர் மெழுகை உருக்கும் வேளையில் கூப்பிடுவாள்.

"சார், போன வாரமே கட்டறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்மா. இந்த வாரமும் சொல்றேன். சொல்றதுல நான் என்னைக்காவது பாக்கி வச்சிருக்கேனா?"

"சார், இதெல்லாம் ரெகார்டு ஆகுது. சிரிக்க வைக்காதீங்க, எனக்குத் திட்டு விழும்."

இப்படி ஆரம்பித்த பேச்சுதான். நாளடைவில், எப்போது கட்டுவீர்கள் என்று கடமைக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். மழையா அங்கே என்பாள். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அவர் அதற்காக முந்தைய நாள் சாயங்காலமே ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல யோசித்து வைப்பார். சில நாள் அவர் வாயிலிருந்து வரும் பேச்சே அவ்வளவுதான். மற்றபடி, எட்டு நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, துவைத்த துணி காயும் நாற்காலியையும், பழைய செய்தித்தாள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மாதக் கடைசியில் அவள் குரல் இறங்கியிருந்தது.

"சார், எனக்கு இந்த மாசம் டார்கெட் முடியல. ஏதாவது ஒரு தொகை போடுங்களேன். சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. ஒரு ஆள் கட்டினாருன்னு கணக்கு காட்டணும், அவ்வளவுதான்."

கடன் அடைப்பதாக அவர் நினைக்கவில்லை. உடம்பு சரியில்லாத பெண்ணுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போவதுபோல நினைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெருமுனையில் வங்கியின் பணம் போடும் யந்திரத்தில் போய் ரொக்கமாகப் போட்டார். மறுநாள் அவள், "தேங்க்ஸ் சார், பொழச்சேன்" என்றாள். அடுத்த மாதமே அவள் குரல் நின்றுவிட்டது. வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. அவளுக்குப் பதிலாக எவரும் பேசவில்லை. வெகுகாலம் கழித்து நீதிமன்றச் சம்மன்தான் வந்தது.

பெண்களிடம் மூச்சு விடவில்லை. ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் வாதாடும் வக்கீலம்மா ஒருவரைத் தேடிப் போனார். வக்கீலம்மா காகிதங்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மலர்ந்தது, கடைசித் தாளில் வாடியது.

"கடைசியா பணம் கட்டினதுலேர்ந்து இத்தனை வருஷத்துக்குள்ள கேஸ் போடணும்னு ஒரு கெடு இருக்கு சார். அவங்க தூங்கிட்டாங்க, கெடு தாண்டிடுச்சு. கேஸ் நிக்கவே நிக்காது. ஆனா நடுவுல ஒரு சின்னத் தொகை வந்ததா காட்டறாங்களே? அப்படி வந்திருந்தா கெடு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடும். நீங்க போட்டதா?"

"ஆமாம்மா."

"ஐயோ! யாராவது போய்த் தானா தலையைக் குடுப்பாங்களா? ஏன் சார் போட்டீங்க?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தோத்தா உங்க சம்பளத்துல மூணுல ஒரு பங்கு பிடிப்பாங்க. வீட்டு வாடகை குடுக்க முடியுமா? முடியாதில்ல? பணம் மெஷின்ல போட்டிருக்கு, கையெழுத்து கிடையாது. நீங்கதான் போட்டீங்கன்னு காட்ட வேண்டியது அவங்க வேலை. பொய் சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஞாபகம் இல்லைன்னு சொல்றவங்க நிறைய பேரைப் பாத்திருக்கேன், அவ்வளவுதான்."

ஞாபகம் இல்லை. இரண்டே சொல். வேலை அறையில் பிளாஸ்டர் வாய்களின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். அத்தனை வாயும் ஆவென்று கேட்டன. நன்றாகத்தான் வந்தது.

நீதிமன்றத்திலும் நன்றாகத்தான் ஆரம்பித்தது. வங்கியின் வக்கீல் சின்ன வயது ஆள். வாய் கொஞ்சம் துருத்தின வாய். பல் செட்டுக்காரர் வழக்கம்போல அதை அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தொகையை நீங்க கட்டினீங்களா?"

"ஞாபகம் இல்லீங்க."

"சரி. அப்போ எங்க வசூல் பிரிவுலேர்ந்து உங்ககிட்ட பேசின பொண்ணு, டார்கெட்டுக்காகத் தன் காசைப் போட்டு உங்க பேர்ல பொய்க் கணக்கு எழுதிருக்காங்கன்னு ஆகுது. அப்படிப் பண்றவங்களை வேலையை விட்டு எடுத்துடுவோம், புகாரும் குடுப்போம். அப்படியே பதிவு பண்ணிக்கலாமா?"

வக்கீலம்மா எழுந்து ஆட்சேபம் என்றார். அது வெறும் மிரட்டலாகக்கூட இருக்கலாம். பல் செட்டுக்காரருக்கு அதெல்லாம் தெரியாது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். வாடகை நினைவுக்கு வந்தது, கூடவே 'பொழச்சேன்' என்ற குரலும் வந்தது.

"நான்தாங்க கட்டினேன்" என்றார்.

அதைக் கேட்டு மொத்த நீதிமன்றமும் வாயடைத்துப் போயிற்று. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகூட ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் சுற்றியது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துடைத்துக்கொண்டு, அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பு எழுதினார்.

இப்போது மாதாமாதம் சம்பளம் கைக்கு வருமுன்னே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பல் செட்டுக்காரர் ஒற்றை அறைக்கு மாறிவிட்டார். மேசையை வாங்க வந்தவர்கள் காலைக் கழற்றித்தான் வெளியே எடுத்தார்கள். இரண்டு நாற்காலியை மட்டும் அவர் விற்கவில்லை. எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு, வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதே என்றார். பெண்களிடம், படி ஏற முடியவில்லை, அதனால் சின்ன வீடு பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். தொலைபேசி மெழுகு அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடன் தானாக அடைந்துகொண்டிருப்பதால், கேட்டு வாங்க இனி யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

இதையெல்லாம் எழுதி நான் படிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வக்கீலம்மா, ஒரே ஓர் இடத்தை மட்டும் திருத்தச் சொன்னார்.

"ஃபேன் எங்க நின்னுச்சு? அது போட்ட கடகட சத்தத்துல அவர் சொன்னது யாருக்கும் காதுலயே விழல. ஜட்ஜுக்கும் விழல. 'என்ன சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க'ன்னாரு. நான் அவரைப் பாத்துக் கண்ணைக் காட்டினேன், மாத்திச் சொல்லுங்கன்னு. அவர் என்னையும் பாத்தாரு. பாத்துட்டு, முன்னைவிடச் சத்தமா அதையே சொன்னாரு."