டாக்டர் சீட்டுக்கு ஒரு டி.டி.

நல்ல கையெழுத்து இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைப் பேங்கின் கோவில்பட்டி கிளையில் வரைவோலை எழுதுகிற டி.டி. கவுண்டரில் உட்கார வைத்தார்கள். சந்தேகப்படுகிறவர்களைத் தாங்குகிற மனசும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கு அடுத்த சில வருஷங்களிலும் ஜூன் பிறந்தால் என் கவுண்டருக்கு முன்னால் ஒரு தனிக் கூட்டம் சேரும். பிளஸ் டூ மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும் வந்திருக்கும். தனியார் மருத்துவக் கல்லூரியிலிருந்து வீட்டுக்குத் தபால் வரும்: உங்கள் பிள்ளைக்கு இடம் இருக்கிறது, இன்ன தேதிக்குள் முன்பணத்தை டி.டி.யாகக் கட்டுங்கள், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். அரசாங்கக் கவுன்சிலிங்கோ அந்தத் தேதிக்கு அப்புறம்தான் வரும். இதைக் கட்டிவிட்டு அது கிடைத்தால் கட்டின பணம் போச்சு. அதை நம்பி இதை விட்டால், அதுவும் கிடைக்காவிட்டால், எல்லாம் போச்சு. பிள்ளையின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆடிக் காற்றில் அலைந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

துண்டுக்கு அடியில் ஒரு பாரம்

ஊரில் பெரிய தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் வந்தார். டி.டி. பாரத்தைத் தோள் துண்டால் மூடிக்கொண்டே எழுதினார். எழுதியதைக் கவிழ்த்து வைத்து என் பக்கம் தள்ளினார். "எந்த ஊர்ல மாத்தணும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெதுவாம்மா, மெதுவா. பின்னால நிக்கவன் எவன்னு தெரியாது" என்றார். அவர் சகலைக்கும் அதே வயதில் ஒரு பையன். அவருக்குத் தெரிந்தால் ஆளைப் பிடித்து நடுவில் புகுந்துவிடுவாராம்.

டி.டி. எழுதி ஆபீசர் கையெழுத்து ஆகிற வரைக்கும் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து வாசல் வழியாகச் சகலையே வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. இவர் மெஷின் வாங்க டி.டி. எடுப்பதாகச் சொன்னார். அவர் நிலப் பத்திரத்துக்கு என்றார். அவர் நீட்டிய பாரத்தைப் பார்த்தேன். அதே கல்லூரி, அதே ஊர், அதே தொகை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினேன். அதுவரைக்கும் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி அண்ணாச்சி முதலில் வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பி வந்து கவுண்டரில் குனிந்து சொன்னார்: "என் சகலை எதுக்கு எடுக்காருன்னு நான் கேக்க மாட்டேன், அவரு கேட்டா எனக்கு மெஷினுக்குன்னு நீங்களும் சொல்லிருங்க."

கைபேசிக்காரர்

நாகலாபுரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் மனைவியோடு வந்தார். மிளகாய் வத்தல் விற்ற பணமும் நகை வைத்த பணமும் அவர் கணக்கில் இருந்தது. கூடவே வெள்ளைச் சட்டை, கையில் செல்போன் என்று ஒருவர். அப்போது ஊரில் செல்போன் வைத்திருந்தவர்களை எண்ணிவிடலாம். டி.டி.யை ஒரு தனி ஆள் பேரில் எடுக்கச் சொன்னார் அவர். கல்லூரி பேர் எங்கே என்று கேட்டேன். "காலேஜ் டிரஸ்டியோட மச்சான் மேடம் அவரு. எல்லாம் ஒண்ணுதான். இன்னிக்குக் கடைசித் தேதி. பேங்க் மூடுறதுக்குள்ள வாங்கலைன்னா சீட்டு வெளி மாநிலத்துக்காரனுக்குப் போயிரும்" என்றார். கல்லூரியிலிருந்து கடிதாசி ஏதும் வந்ததா என்றேன். உங்களுக்கு எழுதுவது மட்டும்தான் வேலை என்றார்.

சம்சாரி பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். அதுவரை வாயே திறக்காத அந்த அம்மா செல்போன்காரரைப் பார்த்து, "உங்களுக்குப் பிள்ளைக எத்தனை?" என்று கேட்டார். இரண்டு பையன்கள் என்றார். என்ன செய்கிறார்கள் என்றார் அந்த அம்மா. ஒருவன் வேன் ஓட்டுகிறான், ஒருவன் துணிக்கடையில் நிற்கிறான். அந்த அம்மா புருஷன் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி, "ஒத்து" என்றார். அவர்கள் வீட்டில் தெலுங்கு. வேண்டாம் என்று அர்த்தம். செல்போன்காரருக்குத் தெலுங்கு தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது. யாரிடமோ போன் பேசுவது மாதிரி வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அந்த வருஷமே அவர்கள் மகன் விவசாயக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அன்று அந்த அம்மா கிளம்பும்போது என்னிடம் கேட்டது இது: "சீட்டு இவரு கையில இருந்திருந்தா இவரு மகன் எதுக்குத் தாயி வேன் ஓட்டுதான்?"

எதிர்த்த பேங்க்

வெளியாட்களை மட்டும் குறை சொல்லக் கூடாது. எனக்கு அடுத்த சீட்டில் இருந்த கேஷியர் மூர்த்தி சாரின் மகளும் அந்த வருஷம்தான் பிளஸ் டூ எழுதியிருந்தாள். மெடிக்கலுக்குப் போட்டிருக்கீங்களா சார் என்று கேட்கும்போதெல்லாம், "அதெல்லாம் நமக்கு எதுக்கு, பி.எஸ்சி. போதும்" என்பார். ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வெளியே போனார். திரும்பி வந்தபோது சட்டைப் பையில் ஒரு கவர் நீட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கணக்கு முடிக்கிற நேரத்தில் எதிர்த்த பேங்கில் டி.டி. எழுதுகிற பெண் எனக்குப் போன் செய்தாள். உங்க கேஷியர் மகளுக்கு எந்தக் காலேஜ் என்று தெரியுமா என்று ஆரம்பித்தாள். நம் பேங்கில் எடுத்திருந்தால் ஸ்டாஃபுக்குக் கமிஷன் கிடையாது. அங்கே போய்க் கமிஷன் கட்டி, வரிசையில் நின்று எடுத்திருக்கிறார். இதை நான் கேட்டதும் மூர்த்தி சார் முகம் சிவந்துவிட்டது. பணக் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க வாயை நம்பாமத்தான் அங்கன போனேன், அவ வாய் உங்களுக்கு மேல இருக்கும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

போன் வந்தது

இது சிரிக்கிற கதை இல்லை. குளத்தூரிலிருந்து வந்தவர். உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர், பேர் சுடலைமணி. மகள் அமுதா ஒரு கல்லூரியின் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். கட்டணம் குறைந்த இடம், கடன் வாங்கினால் சமாளித்துவிடலாம். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. விண்ணப்பத்தில் பக்கத்துப் பலசரக்குக் கடை நம்பரைக் கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம் மார்க் வந்ததிலிருந்து அந்தக் கடைக்கு யார் யாரோ போன் செய்துகொண்டிருந்தார்கள். சீட்டு வாங்கித் தருகிறேன், முதலில் இவ்வளவு அனுப்பு என்று. சுடலைமணி ஒவ்வொருவரையும் திட்டிவிட்டுப் போனை வைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஒருவர் பேசினார். ஓர் இடம் காலியாகியிருக்கிறது, நாளை மதியத்துக்குள் முன்பண டி.டி.யோடு வந்து சேருங்கள் என்றார். "இப்படி எத்தனை பேருய்யா கிளம்பிருக்கிய?" என்று சொல்லிவிட்டுச் சுடலைமணி போனை வைத்துவிட்டார். அதே விஷயத்தைச் சொல்லும் கடிதம் தபாலில் வந்து சேர்ந்தபோது தேதி கடந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தகப்பனும் மகளும் என் கவுண்டருக்கு ஓடி வந்தார்கள். டி.டி. எழுத எனக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் எழுதி என்ன செய்ய? மேனேஜர் அறையிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் பேசிப் பார்த்தோம். நாங்கள்தான் போன் செய்தோமே, வரவில்லை என்றதும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அவர்கள் பேரில் தப்பும் இல்லை.

சுடலைமணி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பியூன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அமுதா அடுத்த வருஷமும் நுழைவுத் தேர்வு எழுதினாள், கிடைக்கவில்லை, நர்சிங் சேர்ந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று அவள் அழவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டுக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "அந்த ஆளு என் இனிஷியலைக்கூடச் சரியாச் சொன்னாருன்னு அன்னைக்கு நீங்கதானப்பா சொன்னிய?"

திங்கட்கிழமைக்காரர்

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டினார். பிறகு பேரனுக்கு அரசாங்க இடம் கிடைத்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிப் போட்டார். உங்கள் பேங்குக்கே செக் அனுப்பிவிட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். அதிலிருந்து திங்கட்கிழமைதோறும் என் முன்னால் வந்து நிற்பார். வரவில்லை சார் என்பேன். என் மேஜை, டிராயர், காலுக்கடியில் கிடக்கும் குப்பைக்கூடை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்ப்பார். வட்டிக்காக நாங்கள்தான் அமுக்கி வைத்திருக்கிறோம் என்று மேனேஜரிடமே போய்ச் சொன்னார்.

கார்த்திகை பிறந்த பிறகு செக் வந்தது. அலுவலகச் செலவு என்று ஒரு பகுதியைக் கல்லூரியே கழித்துக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எனக்குக் கேட்காத மாதிரி ஏதோ முணுமுணுத்தார். கடைசியில் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்புதாம்மா, அவன் கழிச்சது போக நீங்க ஏதும் கழிக்கலியே?"

பட்டன் தைத்த பெண்

புதியம்புத்தூரில் வீட்டு மாடியில் மெஷின்கள் போட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு ரெடிமேட் உடுப்பு தைத்துக்கொண்டிருந்தவர் பால்ராஜ் அண்ணாச்சி. மகள் செல்விக்கு ஒரு தனியார் கல்லூரியில் இடம் வந்தது. அரசாங்கப் பட்டியலிலும் அவள் பேர் இருந்தது, ஆனால் விளிம்பில். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். தீபாவளிச் சரக்குக்குத் துணி எடுக்க வைத்திருந்த பணத்தில் டி.டி. எடுத்துக்கொண்டு கடைசித் தேதியன்று மகளோடு பஸ் ஏறினார்.

கல்லூரி அலுவலகத்தில் டி.டி.யோடு ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கேட்டிருக்கிறார்கள். "அதை வாங்கி வச்சுக்கிட்டா என் பிள்ளை கவுன்சிலிங்குக்கு எதைக் கொண்டு போவா?" என்று கேட்டார் இவர். அப்போது வந்து கேளுங்கள், தருவோம் என்றார் அங்கிருந்தவர். அதை எழுதித் தரச் சொன்னார் இவர். அப்படியெல்லாம் வழக்கமில்லை என்றார் அவர். இவர் மகளைப் பார்த்தார். "எழுதித் தர மாட்டேங்கிறவங்க திருப்பியும் தர மாட்டாங்கப்பா. வாங்க போவோம்" என்றாள் செல்வி. இரண்டு பேரும் வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

டி.டி.யை ரத்துசெய்ய அண்ணாச்சி என்னிடம் வந்தபோது எனக்கே மனசு கேட்கவில்லை. "ஒரு தடவை யோசிச்சுப் பாருங்களேன்" என்றேன். "ஏன், காலேஜ்காரன் உங்களுக்கும் ஏதும் தாரானா?" என்றார் முகத்தைப் பார்த்து. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் திறந்தது. கையில் வந்த டாக்டர் படிப்பைத் தகப்பனே தட்டிவிட்டான் என்று டீக்கடையில் பேசினார்களாம். அவர் டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். செல்வி மாடியில் உட்கார்ந்து உடுப்புகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டு சென்னையிலிருந்து வரப்போகிற கவுன்சிலிங் தபாலுக்குக் காத்திருந்தாள். ராத்திரி மெஷின் சத்தம் நின்ற பிறகும் அப்பா தூங்குவதில்லை என்று பின்னாளில் அவளே என்னிடம் சொன்னாள்.

கடைசிச் சுற்றில் அவளைக் கூப்பிட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மறுநாள் பேங்க் திறந்ததும் அண்ணாச்சி வந்துவிட்டார். சேர்க்கை ஆணையைக் கவுண்டரில் விரித்தார். பேர் சரியா பாருங்க, சீல் சரியா பாருங்க என்றார். இரண்டும் சரி என்றேன். அவர் அதை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பக்கத்தில் நின்ற செல்வி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தாள். "இன்னும் என்ன அண்ணாச்சி சந்தேகம்? போய் ஸ்வீட் வாங்கிட்டு வாங்க" என்றேன். அவர் தாளை நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இவ்வளவு கம்மியா வாங்கிக்கிட்டு டாக்டர் சீட்டு எவன் மேடம் குடுப்பான்? எனக்கு என்னமோ சந்தேகமாத்தான் இருக்கு."

இத்தனை வருஷம் இந்தச் சந்தேகக்காரர்களோடு பழகியதில் எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டதோ என்னவோ, இப்போது எந்த டாக்டர் என் கையைப் பிடித்து நாடி பார்த்தாலும், இவருக்கு எந்தத் தேதிக்குள் யார் பேரில் டி.டி. எடுத்தார்களோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.